மூட்டைக் கணக்கில் வராத விளைச்சல்

2025 அக்டோபரில் காவிரிப் படுகை மாவட்டங்களில் அறுவடையான குறுவை நெல், நேரடிக் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நாள்கணக்கில் தேங்கி, மழையில் நனைந்து முளைவிட்டதைத் தமிழகம் முழுவதும் பார்த்தது. நல்ல விளைச்சல் கண்ட பருவத்தில், விளைந்ததை உலர்த்தவும் வாங்கவும் ஏற்றிச்செல்லவும் வழி போதாமல் நேர்ந்த இழப்பு அது. கூடுதலாக விளைவிப்பது ஒன்றே வேளாண்மையின் இலக்கு என்று அறுபது ஆண்டுகளாக எண்ணிவந்த ஒரு மாநிலம், அந்தக் கூடுதல் விளைச்சலுக்கு நீரிலும் மண்ணிலும் உழைப்பிலும் கொடுக்கும் விலையைக் கணக்கிட வேண்டிய வேளை வந்துவிட்டது. காவிரிப் படுகையைவிடக் குறைந்த நீரை நம்பி, அதே நெல்லை விளைவிக்கும் மதுரைச் சமவெளியில் இந்தக் கணக்கு மேலும் அவசரமானது.

உணவைப் பெருக்க வேண்டும் என்ற வேட்கையை எளிதில் குறைசொல்லிவிட முடியாது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியாலும் கொள்ளைநோயாலும் மாண்டனர். மதுரைச் சீமையும் அதற்குத் தப்பவில்லை. மேற்கே பாய்ந்து அரபிக் கடலில் கலந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் திட்டம், நெடுநாள் பேச்சாக இருந்த நிலையிலிருந்து செயலுக்கு வந்தது அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான். ஜான் பென்னிகுயிக் தலைமையில் எழுந்த முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. அந்த நீரையும் வைகையின் சொந்த நீரையும் தேக்கிவைக்கும் வைகை அணையை 1959 ஜனவரியில் அன்றைய முதல்வர் காமராஜர் திறந்துவைத்தார். வானம் பார்த்த பூமியாகக் கிடந்த பல்லாயிரம் ஏக்கர் இந்த இரு அணைகளால் நஞ்சையாயின என்பது மறுக்க முடியாத வரலாறு.

நாடு தழுவிய கணக்கும் அதே திசையில்தான் சென்றிருக்கிறது. 1950-51இல் ஏறத்தாழ 5 கோடி டன்னாக இருந்த இந்தியாவின் உணவு தானிய உற்பத்தி, 2023-24இல் 33 கோடி டன்னைத் தாண்டியது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்த நாடு, இன்று உலகிலேயே மிக அதிகமாக அரிசியை ஏற்றுமதி செய்யும் நாடாகியிருக்கிறது. குட்டை ரக விதை, இரசாயன உரம், பூச்சிமருந்து, உறுதியான பாசனம் ஆகிய நான்கும் சேர்ந்த பசுமைப் புரட்சியின் விளைவு இது. அதன் பயனை ஒப்புக்கொள்வோருக்கு அதன் செலவைக் கேட்கும் உரிமையும் உண்டு.

ஓர் ஏக்கர் நெல்லின் தண்ணீர்

நெல் வயலில் நாற்றங்கால் முதல் கதிர் முற்றும்வரை நீரைத் தேக்கியே பயிர்செய்யும் வழக்கத்தில், ஓர் ஏக்கருக்கு மழையும் பாசனமும் சேர்த்து ஏறத்தாழ 120 செ.மீ. உயர நீர் தேவைப்படுகிறது. இதை லிட்டரில் சொன்னால் 48 லட்சத்துக்கும் மேல் வரும். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்னும் அரசு அளவுகோலின்படி பார்த்தால், ஓராண்டுக்கு ஏறத்தாழ நூறு பேருக்குப் போதுமான நீர் அது. ஏக்கருக்கு இரண்டரை டன் நெல் கிடைப்பதாகவும், ஒன்றரைக் கிலோ நெல்லில் ஒரு கிலோ அரிசி தேறுவதாகவும் கொண்டால், ஒரு கிலோ அரிசிக்குப் பின்னால் ஏறத்தாழ 3,000 லிட்டர் நீர் நிற்கிறது. அதில் ஒரு பகுதி நிலத்துள் இறங்கி அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு ஊற்றாவதும் உண்டு. ஆனாலும் பெரும்பகுதி ஆவியாகவும் வடிகாலாகவும் போய்விடுகிறது.

இந்த நீர் எல்லோருக்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கர் இருபோகப் பாசனப் பரப்பு, அதாவது ஆண்டுக்கு இருமுறை நெல் பயிரிட நீர் பெறும் பரப்பு. கள்ளந்திரிக்குக் கீழே மேலூர் வரையும் அதற்கு அப்பாலும் உள்ள 85,563 ஏக்கரும், திருமங்கலம் பிரதானக் கால்வாயின் கீழுள்ள 19,439 ஏக்கரும் ஒருபோகப் பரப்பு. முன்னதற்கு ஜூனிலும் பின்னதற்கு செப்டம்பரிலும் நீர் திறப்பது வழக்கம் என்றாலும், அணையின் இருப்பும் பருவமழையும் கைவிடும் ஆண்டுகளில் அந்தத் தேதிகள் தள்ளிப்போகின்றன. சில ஆண்டுகளில் முதல் போகமே இல்லாமற்போகிறது.

தலைமடை, அதாவது கால்வாயின் தொடக்கத்தில் இருக்கும் வயல்கள், நீர் வந்த அன்றே நிரம்புகின்றன. கடைமடை எனப்படும் இறுதிப் பகுதிக்கு நீர் சென்று சேரப் பல நாள் ஆவதும், முறைவைத்து விடும் காலத்தில் சேராமலே நின்றுவிடுவதும் மேலூர்ப் பக்கத்து விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. தலைமடையில் ஏக்கருக்குக் கூடுதலாக இரண்டு மூட்டை எடுக்கும் முயற்சியில் செலவாகும் நீர், கடைமடையில் ஒரு பயிரையே காப்பாற்றியிருக்கக்கூடும். மாவட்டத்தின் மொத்த உற்பத்தியை மட்டும் பார்க்கும் கணக்கில் இந்த இழப்பு எங்கும் பதிவாவதில்லை.

கால்வாயே எட்டாத உசிலம்பட்டிப் பகுதியின் கதை இன்னும் நீண்டது. வைகை அணையின் உபரி நீரைச் சுற்றுவட்டாரக் கண்மாய்களுக்குக் கொண்டுசெல்லும் 58 கிராமக் கால்வாய்த் திட்டத்துக்காக அந்த மக்கள் தலைமுறைக்கணக்கில் போராடினர். கால்வாய் வெட்டப்பட்ட பின்னரும், அணை நிரம்பும் ஆண்டுகளில் மட்டுமே, அதுவும் ஒவ்வொரு முறையும் கோரிக்கை எழுப்பிய பிறகே அவர்களுக்கு நீர் கிடைக்கிறது.

கால்வாய் நீர் நிச்சயமில்லாத இடத்தில் ஆழ்துளைக் கிணறு வருகிறது. தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகளுக்குக் கட்டணம் இல்லை. சிறு விவசாயிக்குக் கைகொடுத்த இந்தச் சலுகையைப் பறிப்பது நியாயமாகாது; ஆயினும் மோட்டாரை நிறுத்துவதற்கு எந்தக் காரணமும் இல்லாத நிலையில், ஆழமாகத் துளையிடப் பணம் உள்ளவரே கடைசிவரை நீர் எடுக்கிறார், அவருடைய அண்டை வயல்காரரின் கிணறு வற்றுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வற்றிய துளைக்கு வாங்கிய கடன் மட்டும் வற்றுவதில்லை.

கண்மாயை மறந்த பாசனம்

மதுரைச் சமவெளியின் பழைய உணவு உற்பத்தி முறை கண்மாயை மையமாகக் கொண்டது. வரத்துக்கால் வழியே வந்து சேரும் மழைநீரைக் கரை கட்டித் தேக்கி, மடை வழியே ஆயக்கட்டு எனப்படும் பாசனப் பரப்புக்கு விட்டு, மிகுந்ததைக் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு அனுப்பும் சங்கிலித்தொடர் அது. ஒரு கண்மாய் மறுகால் பாய்ந்தால் அடுத்த ஊருக்கு நீர் உறுதி. மடை திறப்பதற்கும் நீரைப் பங்கிடுவதற்கும் நீர்பாய்ச்சி என்ற பொறுப்பாளரை ஊரே நியமித்து, அறுவடையில் நெல்லாகக் கூலி கொடுத்தது. தூர்வாரிய வண்டல், உரமாக வயலுக்குச் சென்றது.

பெரிய அணைகளும் ஆழ்துளைக் கிணறுகளும் வந்த பிறகு, ஆயக்கட்டுதாரர்களுக்குக் கண்மாயின்மேல் இருந்த அக்கறை படிப்படியாகத் தளர்ந்தது. சொந்தக் கிணறு வைத்திருப்பவருக்குப் பொதுக் கரையைக் காக்கும் தேவை இல்லாமற்போனது. நீர் தேங்கும் உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டியது, வரத்துக்கால்கள் ஆக்கிரமிக்கப்பட்டன. தமிழகமெங்கும் உள்ள ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்களில் பெரும்பாலானவற்றுக்கு நேர்ந்த கதிதான் இது என்றாலும், மதுரையில் அதற்கு நகரம் தன் பங்கையும் சேர்த்தது. தல்லாகுளம் கண்மாயில் மாநகராட்சி அலுவலகமும், உலகனேரிக் கண்மாயில் உயர்நீதிமன்றக் கிளையும் எழுந்தன. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லும் தீர்ப்புகள் கண்மாய் இருந்த இடத்திலிருந்தே வர வேண்டிய நிலை, அரசே வழிகாட்டியதன் விளைவு.

2024 அக்டோபர் 25 அன்று சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். செல்லூர்க் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் ஒருகாலத்தில் வயலுக்கு நீர் கொண்டுசெல்லும் அமைப்பின் உறுப்புகளாக இருந்தவை. வயல்கள் மனைகளான பிறகு வாய்க்கால் சாக்கடையாகச் சுருங்கியது. மழை மட்டும் சுருங்கவில்லை.

சுற்றுச்சாலையையும் நான்குவழிச் சாலைகளையும் ஒட்டிய நஞ்சை நிலங்கள் வீட்டுமனைகளாக மாறும் வேகம், எஞ்சிய நிலத்தில் கூடுதலாக விளைவிக்க வேண்டிய அழுத்தத்தை ஏற்படுத்துகிறது. நன்செய் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைக் கட்டுப்படுத்த கேரளம் 2008-லேயே தனிச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2020-இல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரிப் படுகைக்கு மட்டுமே உரியது. அங்கும் அது தடுப்பது எண்ணெய், எரிவாயு போன்ற தொழில்களையே தவிர வீட்டுமனைகளை அன்று. மதுரைக்கு அந்த அரைகுறைக் காவலும் இல்லை.

காவல் இல்லாத நிலத்தை மக்களே காத்த நிகழ்வு மேலூரில் நடந்தது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் விடப்பட்டதும், அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்களின் விவசாயிகள் எதிர்த்து எழுந்தனர். 2024 டிசம்பரில் சட்டமன்றம் அந்த ஏலத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் பல்லாயிரம் பேர் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரை நோக்கிப் பேரணியாக வந்தனர். அம்மாத இறுதிக்குள் மத்திய அரசு ஏலத்தை இரத்து செய்தது. ஒருபோகப் பாசனத்தில் ஆண்டுதோறும் நீருக்கு ஏங்கும் மக்களே தம் நிலத்தை விட மறுத்தார்கள் என்பதைத் திட்டமிடுவோர் ஆழ்ந்து எண்ணிப்பார்க்க வேண்டும்.

மண்ணும் காற்றும்

கூடுதல் விளைச்சலின் இரண்டாவது செலவு மண்ணில் விழுகிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்று மானிய விலையில் 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்க, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தரும் உரங்கள் அதைவிடப் பல மடங்கு விலையில் விற்கின்றன. பயிர் உடனே கரும்பச்சையாகத் தெரிவதும் யூரியாவால்தான் என்பதால், விவசாயி அதையே மேன்மேலும் இடுகிறார். இட்ட தழைச்சத்தில் பாதிக்கும் குறைவே நெற்பயிருக்குச் சேர்கிறது. மீதி, நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகக் கலக்கிறது அல்லது நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவாக மாறிப் புவியைச் சூடாக்குகிறது. தழைச்சத்து மிகுந்த இளம்பயிரைப் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் தேடிவருவதால், பூச்சிமருந்துச் செலவும் பின்னாலேயே வருகிறது.

நீர் தேங்கிய வயலின் அடிமண்ணில் காற்றுப் புகாத நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் இது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். உலக அளவில், விளைவிப்பது முதல் உண்பது வரையிலான உணவுத் துறையின் பங்கு, மனிதர் வெளியிடும் வெப்பவாயுக்களில் மூன்றில் ஒன்று என மதிப்பிடப்படுகிறது. இதற்கு இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயியைக் குற்றவாளியாக்குவது அநீதி. ஆனால் சூடேறும் புவியில் பருவம் தவறிப் பெய்யும் மழை முதலில் அவருடைய களத்து நெல்லைத்தான் நனைக்கிறது.

மண்ணின் மற்றொரு இழப்பு கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. அறுவடை இயந்திரமும் டிராக்டரும் வந்த பிறகு உழவு மாடுகள் குறைந்தன. மாடு குறைந்ததால் தொழுவுரம் குறைந்தது. இயந்திரம் கட்டித்தரும் வைக்கோல் விலைபோவதால் வயலுக்குத் திரும்ப வேண்டிய தாவரப்பொருளும் வெளியேறுகிறது. இரு நெற்பயிருக்கு இடையே உளுந்தோ கொழிஞ்சியோ தக்கைப்பூண்டோ விதைத்து மண்ணுக்கு ஊட்டம் கொடுத்த பழக்கம், நீர் தாமதமாகத் திறக்கப்படும் ஆண்டுகளில் முதலில் கைவிடப்படுகிறது.

பெருகிய பணம் யார் கையில்?

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய கணக்கெடுப்பில், இந்திய விவசாயக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிர் தந்தது 3,798 ரூபாய்; கூலி தந்தது 4,063 ரூபாய். நிலம் வைத்திருக்கும் குடும்பம் தன் பயிரைவிடப் பிறரிடம் செய்யும் கூலி வேலையால் கூடுதலாக ஈட்டுகிறது என்ற இந்த ஒரு செய்தி, உற்பத்திப் பெருக்கத்தைப் பற்றிய எல்லாப் பெருமிதத்தையும் மறுபரிசீலனைக்கு உள்ளாக்குகிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அத்தகைய நிலத்தில் ஏக்கருக்கு ஐந்து மூட்டை கூடினாலும், உரம், உழவு, அறுவடை இயந்திர வாடகை, வட்டி ஆகியவை அந்த ஐந்தையும் உண்டுவிடுகின்றன.

2025-26 பருவத்துக்குத் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துச் சன்னரக நெல் குவிண்டாலுக்கு 2,545 ரூபாயும் பொதுரகத்துக்கு 2,500 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. இந்த விலையைப் பெற நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இயந்திரத்தில் அறுத்த நெல் ஈரமாகவே வருகிறது. ஊர்ப்பொதுக் களங்கள் போதாமையால் சாலையே களமாகிறது. மழை மேகம் கண்டதும், கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிட நேர்கிறது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுபவர் பெயரில் பட்டாவும் அடங்கலும் இருப்பதில்லை என்பதால், உழைத்தவர் கொள்முதல் நிலையத்தில் தம் பெயரில் நெல்லை விற்பதே கடினம். பயிர்க் காப்பீடும் நிவாரணமும்கூடப் பெரும்பாலும் பட்டாவைத் தேடியே செல்கின்றன.

உழைக்கும் பெண்களின் நிலை தனியே கவனிக்கத்தக்கது. நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுப்பு, கதிரறுப்பு என்று நெல் வேளாண்மையின் குனிந்த வேலையெல்லாம் அவர்களுடையது. கதிரறுப்பை இயந்திரமும் களையெடுப்பைக் களைக்கொல்லியும் எடுத்துக்கொண்டன. உடல்நோவு குறைந்தது நன்மையே. ஆனால் அந்தக் கூலிநாள்களுக்கு ஈடாக வேறு வேலை ஊருக்குள் வரவில்லை.

உசிலம்பட்டி வட்டாரம் இதைவிடக் கொடிய பாடம் ஒன்றை வைத்திருக்கிறது. வைகை அணைக்குப் பிறகு அந்த வட்டாரத்தின் ஒரு பகுதிக்குப் பாசனமும் பணப்பயிரும் வந்ததையும், புதுப்பணத்தோடு வரதட்சிணை பெருகியதையும், 1980களில் வெளியுலகுக்குத் தெரிந்த பெண்சிசுக் கொலைகளையும் இணைத்துப் பார்த்த ஆய்வாளர்கள் உண்டு. பாசனம் மட்டுமே காரணம் என்று கொள்வது பிழையாகும். சாதியக் கட்டமைப்பும் வறுமையும் ஆணாதிக்கமும் அதில் பின்னிக் கிடந்தன. எனினும், நிலத்தின் மதிப்பு உயர்ந்து, அந்த உயர்வில் பெண்ணுக்குப் பட்டாவிலோ முடிவெடுப்பதிலோ பங்கு இல்லாதபோது, வளம் பெண்ணின் உயிருக்கே பகையாக முடியலாம் என்ற எச்சரிக்கையை எந்த வேளாண் வளர்ச்சித் திட்டமும் புறக்கணிக்கலாகாது. 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது என்பதே அந்த அவலத்தின் அளவைச் சொல்லும்.

தட்டில் குறைவது என்ன?

இத்தனை நீரும் உழைப்பும் செலவான பிறகு மக்களின் உடல் நலம் பெற்றிருக்கிறதா என்ற கேள்வி எஞ்சுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இன்றி இருக்கிறது. 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கும் மாநிலம் இது. பட்டினியை வென்றதில் அந்த அரிசிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் வயிறு நிறைவதும் சத்து சேர்வதும் வேறுவேறு என்பதைத்தான் இந்த எண்கள் காட்டுகின்றன.

நாடு முழுமைக்கும் இந்தச் சமனின்மை உண்டு. 2024-25இல் இந்தியா ஏறத்தாழ 2 கோடி டன் அரிசியை ஏற்றுமதி செய்தது. கிடங்கில் மிகுந்த அரிசியில் 52 லட்சம் டன்னை எத்தனால் எரிபொருள் தயாரிக்க ஒதுக்கியது. அதே ஆண்டில் 70 லட்சம் டன்னுக்கும் மேல் பருப்பை வெளிநாடுகளிலிருந்து வாங்கியது. நீர் அதிகம் குடிக்கும் பயிரை அளவுக்கு மீறி விளைவித்து எரிபொருளாக்குவதும், நீர் குறைவாகக் கேட்டு மண்ணையும் வளப்படுத்தும் பருப்பை இறக்குமதி செய்வதும் ஒரே கொள்கையின் இரு முகங்கள்.

பேரையூர், தே.கல்லுப்பட்டி வட்டாரக் கரிசல் நிலத்தில் மானாவாரியாக, அதாவது மழையை மட்டும் நம்பி, குதிரைவாலியும் சோளமும் பாசிப்பயறும் விளைகின்றன. நெல்லுக்கு அரசு கொள்முதல் நிலையம் இருக்கிறது. குதிரைவாலிக்கு அத்தகைய உறுதி இல்லை. அங்கே பலர் கோழித்தீவன ஆலைகளை நம்பி மக்காச்சோளத்துக்கு மாறினர். 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. அலங்காநல்லூரில் கரும்பு வரத்துக் குறைந்து கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் அரவையே நின்றது. பயிரை மாற்றச் சொல்வது எளிது. மாற்றிய பயிரை வாங்க ஆள் இல்லையெனில் விவசாயி நெல்லுக்கே திரும்புவார், அவர்மீது தவறு ஏதும் இல்லை.

வீணாகும் உணவும் விளைச்சல் கணக்கில் சேர வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீட்டில், 2022-இல் மட்டும் உலகில் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் நூறு கோடி டன்னுக்கும் மேல் உணவு வீணானது. அறுவடைக்கும் கடைக்கும் இடையே அழிவது வேறு. நனைந்து முளைத்த ஒவ்வொரு மூட்டை நெல்லும், அதற்குச் செலவான நீரையும் உரத்தையும் கூலியையும் உடன் அழிக்கிறது.

மதுரையில் செய்யத்தக்கவை

முதலாவதாக, வைகை அணை நீரை ஜூனில் திறப்பதற்கு முன், அந்த ஆண்டின் பயிர்த்திட்டத்தை நீர்வளத் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து ஊர்வாரியாக வெளியிட வேண்டும். அணையில் இருப்புக் குறைந்த ஆண்டில் இருபோகப் பரப்பில் ஒரு பங்கையாவது உளுந்து, பாசிப்பயறு, காய்கறிக்கு மாற்றுவோருக்கு, மிச்சப்படும் நீரின் மதிப்பை ஈட்டுத்தொகையாக வழங்கலாம். அந்த நீர் கடைமடைக்கும் 58 கிராமக் கால்வாய்க்கும் போய்ச் சேர்ந்ததா என்பதை நீர்ப்பகிர்வு அளவுகளோடு அன்றாடம் அறிவிக்க வேண்டும்.

நெல்லையே பயிரிடும் வயல்களில், காய்ச்சலும் பாய்ச்சலும் என்று விவசாயிகள் அறிந்த முறையைப் பரப்ப வேண்டும். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, நீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் நீரைத் தேக்கியே வைக்க வேண்டும். விளைச்சல் குறையாமலே நீரில் நாலில் ஒரு பங்குவரை மிச்சமாகும். மீத்தேனும் கணிசமாகக் குறையும். கால்வாய் நீர் சொன்ன நாளில் வரும் என்ற உறுதி இருந்தால்தான் விவசாயி வயலைக் காயவிடத் துணிவார் என்பதால், இது அதிகாரிகளின் ஒழுங்கையும் சார்ந்த சீர்திருத்தம். 1965-இல் தொடங்கப்பட்ட மதுரை வேளாண்மைக் கல்லூரி இதற்கான செயல்விளக்கத்தை ஒவ்வொரு பகிர்மானக் கால்வாயிலும் முன்னின்று நடத்தும் தகுதி உடையது.

கொள்முதலில் செய்ய வேண்டியவை வெளிப்படையானவை: ஒழுங்குமுறை விற்பனைக் கூடந்தோறும் நெல் உலர்த்தும் இயந்திரம், மேற்கூரையுள்ள களம், வாங்கிய நெல்லை இரண்டு நாளுக்குள் நகர்த்தும் லாரி ஏற்பாடு. குத்தகை விவசாயியின் வாய்மொழி ஒப்பந்தத்தை ஊராட்சி அளவில் பதிவுசெய்து அவர் பெயரிலேயே விற்க வழிசெய்வதும் இதில் அடங்கும்.

சிறுதானியத்துக்கும் பயறுக்கும் உறுதியான சந்தையை அரசே உருவாக்க முடியும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிவைக்கப்பட்டது மதுரையில்தான். மாவட்டப் பள்ளிகளின் காலை உணவுக்கும் சத்துணவுக்கும் தேவையான குதிரைவாலியையும் பாசிப்பயறையும் பேரையூர், கல்லுப்பட்டி உழவர் உற்பத்தியாளர் குழுக்களிடம் முன்கூட்டியே விலைபேசி வாங்கினால், குழந்தைக்குச் சத்தும் கரிசல் விவசாயிக்கு நிச்சய வருமானமும் ஒரே செலவில் கிடைக்கும். 1999 நவம்பரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டதும் இதே மதுரையின் அண்ணாநகரில். இடைத்தரகர் இன்றி விற்க முடியும் என்று மாநிலத்துக்குக் காட்டிய ஊருக்கு இது புதிய பாதை அன்று.

கண்மாய்களைப் பொறுத்தவரை, தூர்வாரும் பணிக்கு முன்பாக எல்லை அளந்து கல் நட வேண்டும். வரத்துக்கால் மீட்கப்படாத கண்மாயில் மண் அள்ளுவது செலவுக்கணக்கை மட்டுமே நிரப்பும். 1990களிலிருந்து மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, வயலகம் என்ற பெயரில் ஆயக்கட்டுதாரர் சங்கங்களைக் கட்டி கண்மாய்களைச் சீரமைத்த அனுபவம் கையருகே இருக்கிறது. அத்தகைய சங்கங்களில் நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கும் பெண்களுக்கும் மீன், மரம், வண்டல் வருவாயில் பங்கு உண்டு என்று விதியிலேயே எழுத வேண்டும். வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டத்தைப் பெரியாறு-வைகைப் பாசனப் பரப்புக்கு நீட்டித்து, நஞ்சையை மனையாக்குவதையும் அதன் தடைக்குள் கொண்டுவருவது சட்டமன்றத்தின் வேலை.

வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கையை 2021-இல் தாக்கல் செய்யத் தொடங்கிய மாநிலம் தமிழ்நாடு. அடுத்த அறிக்கையில், எத்தனை டன் விளைந்தது என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதற்கு எவ்வளவு நீர் செலவானது, விவசாயி கையில் எவ்வளவு மிஞ்சியது, எவ்வளவு தானியம் நனைந்து அழிந்தது என்ற மூன்று எண்களையும் மாவட்டவாரியாக அரசு வெளியிட வேண்டும். பெரியாறு-வைகைப் பாசன விவசாயிகளும், அவர்கள் விளைவிப்பதை உண்ணும் மதுரை நகரத்தாரும் இந்தக் கணக்கைச் சேர்ந்து கேட்க வேண்டும்.